ஷாட் ஏன் உறுத்துகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

படப்பிடிப்பு நடக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் எல்லா ஷாட்டும் நன்றாகத்தான் தெரியும். இரவு வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்க்கும்போதுதான் உறுத்தும். நடிப்பு சரி, வெளிச்சம் சரி, ஃபோகஸும் இருக்கிறது. ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. மதுரையில் குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இப்படி உறுத்தும் காட்சிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். வேறு லென்ஸ் வாங்கலாமா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். பழுது பெரும்பாலும் லென்ஸில் இருப்பதில்லை. கேமரா எந்தப் பக்கம் நின்றது, எந்த உயரத்தில் நின்றது, ஆளிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்பதில்தான் இருக்கும்.

சரிபார்க்கும்போது முதலில் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். வசனம் காதில் விழுந்தால் கண் பல தவறுகளை மன்னித்துவிடும். ஊமைப் படமாக ஓடவிட்டு, உறுத்தும் இடத்தில் நிறுத்தி, கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். முடிந்தால் இதைப் படப்பிடிப்பு இடத்திலேயே மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்துவிடுங்கள். திரும்ப எடுப்பதற்கு ஆளும் இடமும் அப்போது கையில் இருக்கும்.

இரண்டு பேர் பேசுகிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் இல்லை

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளை ஓரளவு மறைக்கலாம், இது காட்சியையே உடைத்துவிடும்.

சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் அண்ணன் தம்பி இருவர் நிலம் விற்பது பற்றிப் பேசும் காட்சியை எடுத்தோம். காலையில் கேமரா சாலைப் பக்கம் நின்றது. ஃபிரேமில் அண்ணன் இடது பக்கம், வலதைப் பார்த்தபடி. மதியம் சாலையில் லாரிகள் வந்து நின்றுவிட்டன. கடைக்குள் போய், பாய்லர் பக்கத்திலிருந்து தம்பியின் க்ளோசப்பை எடுத்தேன். எடுக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்டி ஒட்டியபோது தம்பியும் வலதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தெருவில் போகும் யாரோ ஒரு மூன்றாம் ஆளிடம் பேசுவதுபோல் இருந்தது. அழ வேண்டிய காட்சி அது; ஒருவர் கண்ணும் உள்ளே ஒட்டவில்லை.

காரணம் எளிது. பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா கயிற்றின் ஒரே பக்கத்தில் இருக்கும்வரை ஒருவர் வலதையும் மற்றவர் இடதையும் பார்ப்பார்கள். கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் லுக், அதாவது அவர்கள் பார்க்கும் திசை, மாறிவிடும். படப்பிடிப்பில் லைன் கிராஸ் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

சரிபார்க்கும் வழி: இருவரின் க்ளோசப்பையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு மூக்கு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எதிரெதிராக இருந்தால் சரி. ஒரே பக்கமானால் லைன் தாண்டியிருக்கிறீர்கள்.

இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், திரும்பிப் போய் எடுப்பதுதான் நல்லது. எல்லாம் முடிந்து எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தால் நான் இந்த வரிசையில் முயல்வேன்.

முதலில், நடுவே வைக்க ஓர் இன்சர்ட் இருக்கிறதா என்று தேடுவேன். பால் பொங்குவது, மாஸ்டர் டீ ஆற்றுவது, மேசையில் கிடக்கும் பத்திரத்தின் மீது ஒரு கை. எந்தப் பக்கமும் சேராத இந்த மாதிரி ஷாட் ஒன்று இடையில் வந்தால், அடுத்து கேமரா மறுபக்கம் போனதைக் கண் ஏற்றுக்கொள்கிறது. அந்த டீக்கடைக் காட்சி டீ ஆற்றும் ஷாட் ஒன்றால்தான் பிழைத்தது. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் இப்படி நாலைந்து இன்சர்ட்டுகள் எடுக்காமல் நான் கிளம்புவதில்லை.

அடுத்து, அந்த ஷாட்டை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. மென்பொருளில் ஒரு நொடி வேலைதான், ஆனால் ஜாக்கிரதை. நம்மூரில் போஸ்டர் இல்லாத சுவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வந்ததும் குட்டு உடைந்துவிடும். சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். இடது தோளில் கிடக்கும் முந்தானை வலது தோளுக்கு வந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னணி மங்கலாக இருக்கும் நெருக்கமான க்ளோசப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

லைனைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் தாண்டுவதைப் பார்வையாளருக்குக் காட்டிவிடுங்கள். ஷாட் ஓடும்போதே கேமரா நகர்ந்து மறுபக்கம் போகலாம். அல்லது தம்பி கோபத்தில் எழுந்து அண்ணனைச் சுற்றிப்போய் அந்தப் பக்கம் உட்காரலாம். ஆள் இடம் மாறியதும் கயிறும் கூடவே மாறிவிடும். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும், நடிகருக்கும் அது ஒரு வேலை கொடுக்கிறது.

லுக் சரியாக இருந்தும் இருவரும் வெவ்வேறு ஊரில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தால் சஜஷன் ஷாட்டுகளை, அதாவது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட்டுகளை, ஒப்பிடுங்கள். ஒருவரை 35 எம்எம்மில் நெருங்கியும் மற்றவரை 85 எம்எம்மில் தள்ளி நின்றும் எடுத்திருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம், அவரவர் கண் உயரம். டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்தவர் திரும்பிப் போவதுபோல் இருக்கிறது

இதுவும் அந்தக் கயிறுதான், பயணத்துக்குக் கட்டியது. உசிலம்பட்டியில் பஸ் ஏறியவர் முதல் ஷாட்டில் இடமிருந்து வலமாகப் போகிறார். அடுத்த ஷாட்டை சாலையின் எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் வலமிருந்து இடமாகப் போவார். மதுரைக்கு வர வேண்டியவர் வீட்டுக்குத் திரும்புகிறார் என்றே படும். சாலையின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். மாற்ற நேர்ந்தால் நடுவில் பஸ் நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட் ஒன்றை வையுங்கள்.

முகம் உப்பித் தெரிகிறது, மூக்கு பெரிதாக இருக்கிறது

நடிகையே வந்து, "அண்ணே, நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டுவிடுவார். அவர் கேட்பது நியாயம்.

செல்லூர் பக்கம் 10-க்கு 10 அறையில் எடுக்கிறோம். இடம் போதவில்லை என்று, அகலமாகக் காட்டும் வைடு லென்ஸைப் போட்டு, க்ளோசப்புக்கு முகத்தின் அருகே போய்விடுகிறோம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 5 அங்குலம் இருக்கும். லென்ஸ் மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் இருந்தால் காது 17 அங்குலத்தில் இருக்கிறது. ஆகவே காதின் அளவோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். 6 அடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 7 சதவீதம்தான். முகத்தைக் கெடுப்பது தூரம். வைடு லென்ஸ் செய்யும் ஒரே தப்பு, நம்மை அவ்வளவு கிட்டே போக வைப்பது.

கிராப் சென்சார் (சென்சார் சற்றுச் சிறிய) கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டு 6 அடியில் நின்றால், 16:9 ஃபிரேமில் (அகலம் 16, உயரம் 9 என்ற விகிதம்) உயரவாக்கில் ஒன்றரை அடிக்குச் சற்று மேல் கிடைக்கும். தலையும் தோளும் அளவாக அடங்கும். 10 அடி அறைக்குள் 6 அடி கிடைக்காமல் போகாது. கட்டிலைத் தூக்கி வெளியே போடுங்கள், இல்லையென்றால் கதவுக்கு வெளியே நின்றோ ஜன்னல் வழியாகவோ எடுங்கள். நடிகரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் அறையின் மூலைக்கு மூலை பார்த்தால் இன்னும் நாலு அடி கிடைக்கும்.

மொபைலில் எடுப்பவர்கள்: முதன்மை லென்ஸ் கொஞ்சம் வைடானது. இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போட்டுப் பின்னால் போங்கள். இல்லையென்றால் 4கே-யில் எடுத்து, எடிட்டிங்கில் அகலமும் உயரமும் பாதியாகும்படி நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 1080-க்குத் தேவையான தெளிவு அப்படியே இருக்கும்.

கோபுரம் கண்ணுக்குப் பெரிதாக இருந்தது, ஃபிரேமில் சின்னதாகிவிட்டது

மேலே சொன்ன தூரக் கணக்குதான் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மதுரையில் படம் எடுக்கும் எல்லோருக்கும் மீனாட்சியம்மன் கோவில் கோபுரம் பின்னணியில் வேண்டும். வெளியே தெருவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கோவிலுக்குள் கைபேசியையே விடமாட்டார்கள்.

தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. ஐந்தரை அடி உயர நடிகரை கோபுரத்திலிருந்து 500 அடி தள்ளி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா அவரிடமிருந்து 5 அடியில் நின்றால், படத்தில் கோபுரம் அவருடைய உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 17 அடிக்குப் பின்வாங்கினால் இருவரும் ஒரே உயரம். 50 அடிக்குப் போனால் கோபுரம் அவரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எழுந்து நிற்கும். நடிகர் நகரவில்லை, கோபுரமும் நகரவில்லை. நீங்கள் மட்டும்தான் நடந்தீர்கள்.

பின்னால் போகப் போக நடிகர் சிறிதாவார். அவரைப் பழைய அளவுக்குக் கொண்டுவரத்தான் ஜூம். நின்ற இடத்திலேயே ஜூம் செய்தால் நடிகர், கோபுரம் இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதாகும், உறவு மாறாது. அதனால் முதலில் நடங்கள், அப்புறம் ஜூம். பிழைப்பு நடக்கும் தெரு அது. 50 அடிக்கு ஆள் நடமாட்டத்தை மறிக்க முடியாது, மறிக்கவும் கூடாது. விடியற்காலை போங்கள். பூக்காரம்மா குறுக்கே போனால் போகட்டும், அந்த ஷாட் இன்னும் அழகாகத்தான் வரும்.

காளை பாய்ந்து வருகிறது, வேகம் தெரியவில்லை

ஜல்லிக்கட்டை மேடையிலிருந்து, தூரத்தைக் கிட்டே காட்டும் நீண்ட லென்ஸில் எடுத்திருப்பீர்கள். 100 அடியிலிருந்து 90 அடிக்கு வரும் காளை ஃபிரேமில் ஒன்பதில் ஒரு பங்குதான் வளர்கிறது. 20 அடியிலிருந்து 10 அடிக்கு வந்தால் இரண்டு மடங்காகிறது. ஓடிய தூரம் இரண்டிலும் 10 அடிதான். வேகம் வேண்டுமென்றால் கேமரா கிட்டே, தாழ்வாக, வைடு லென்ஸோடு இருக்க வேண்டும். ஆனால் அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசலுக்கு எதிரே ஆள் உட்காரவே கூடாது. கம்பித் தடுப்புக்குப் பின்னால் தரையோடு கேமராவைக் கட்டி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு ஷாட்டுக்காக யாரும் குத்துப்படக் கூடாது.

உட்கார்ந்திருப்பவர் பாவமாகத் தெரிகிறார்

கதையில் கம்பீரமான பாட்டி. படத்தில் யாரோ அதட்டி உட்காரவைத்த மாதிரி இருக்கிறார். கேமரா பிடித்தவர் நின்றுகொண்டே எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில் இருக்கும். நின்றபடி எடுப்பவரின் கேமரா ஐந்து அடியில். எடுக்கிறவருக்கு அது சாதாரண உயரம், பார்க்கிறவருக்கு அது டாப் ஆங்கிள். டாப் ஆங்கிள் ஆளைச் சிறிதாக்கும், லோ ஆங்கிள் பெரிதாக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாம் நினைக்காமலேயே அதைப் பயன்படுத்திவிடுகிறோம் என்பதுதான் தொல்லை.

என் சொந்த அப்பத்தா வெங்காயம் உரிப்பதை ஒருமுறை எடுத்தேன். ஊரில் நாலு பேர் நியாயம் கேட்டு வரும் ஆள் அவர். "அப்பத்தா, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நின்றபடி எடுத்தேன். வந்தது யாரோ ஒரு தளர்ந்த கிழவி. மறுநாள் நானும் தரையில் உட்கார்ந்து, கவிழ்த்த அன்னக்கூடையின் மேல் பாதி நிரப்பிய அரிசிப் பையைப் போட்டு, அதில் கேமராவை அழுத்தி வைத்து எடுத்தேன். லென்ஸ் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. என் அப்பத்தா திரும்பக் கிடைத்தார்.

ஆகவே ஆள் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். சிறுபிள்ளையை எடுக்கும்போது மண்டி போடுங்கள். ஒருவர் நிற்க ஒருவர் உட்கார்ந்து பேசினால், நிற்பவரை உட்கார்ந்தவரின் கண் உயரத்திலிருந்தும், உட்கார்ந்தவரை நிற்பவரின் கண் உயரத்திலிருந்தும் பாருங்கள். ஆனால் முழுக் கோணமும் வேண்டாம். பாதியளவு போதும், யார் கை ஓங்கியிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, அன்பான அப்பா மிரட்டுவதுபோல் தெரிந்தால் ட்ரைபாட் தாழ்ந்திருக்கிறது. ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள்.

கழுத்தில் ஒரு கோடு, தலையில் ஒரு கம்பம்

மேலூர்ப் பக்கம் வயலில் நிற்பவரை எடுத்தால் தொடுவானம் சரியாகக் கழுத்தை வெட்டும். சமதரையில் தொடுவானம் எப்போதும் லென்ஸின் உயரத்தில்தான் இருக்கும். கழுத்தை வெட்டுகிறது என்றால் கேமரா கழுத்து உயரத்தில் இருக்கிறது. இடுப்பளவுக்கு இறக்கினால் கோடு இடுப்புக்கு இறங்கும், முகம் வானத்தில் தனியாக நிற்கும். ஒத்தக்கடையில் யானைமலையை வைத்து எடுக்கும்போதும் மலையின் முதுகுக் கோடு தோளுக்கும் காதுக்கும் நடுவே வராமல், ஒன்று தலைக்கு நன்றாக மேலே, இல்லையென்றால் தோளுக்குக் கீழே வரும்படி கேமராவை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள்.

தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்தால் அரை அடி பக்கவாட்டில் நகருங்கள். அவ்வளவுதான்.

மகால் தூண்கள் பின்னால் சாய்கின்றன

திருமலை நாயக்கர் மகாலில் (தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்) தூணின் உச்சியைப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்கிறோம். உடனே செங்குத்துக் கோடுகள் மேலே போய் ஒன்றோடொன்று நெருங்கும், தூண்கள் சாய்வதாகத் தெரியும். கேமராவை அண்ணாக்காமல் மட்டமாக வைத்துப் பின்னால் போங்கள். போக இடமில்லையென்றால் வைடாக எடுத்துவிட்டு, ஃபிரேமின் கீழ்ப் பாதியில் வரும் வெறுந்தரையை எடிட்டிங்கில் வெட்டிவிடுங்கள். ஒருவர் அந்த மண்டபத்தில் நின்று மிரண்டு போவதைக் காட்ட வேண்டுமானால் சாயட்டும். அப்போது அரைகுறையாகச் சாய்க்காமல் நன்றாகவே அண்ணாந்து எடுங்கள்.

வண்டியூர் தெப்பக்குளம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் குளக்கரைச் சுவரை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். சுவரைக் கோணலாகப் பார்க்கும்போது அந்தக் கோடு இயல்பாகவே சரியும். அதை நிமிர்த்தப் போனால் குளமே கவிழ்ந்துவிடும். மைய மண்டபத்தின் தூண்கள் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெட்டும் இடத்தில் ஆள் துள்ளுகிறார்

ஒரே ஆளின் இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்து வைக்கும்போது கேமரா கொஞ்சம் மட்டுமே நகர்ந்திருந்தால், ஷாட் மாறியதாகத் தோன்றாது, ஆள் குதித்ததாகத் தோன்றும். குறைந்தது 30 பாகையாவது நகர வேண்டும், கூடவே அளவும் மாறட்டும்: மிட் ஷாட்டிலிருந்து (இடுப்புக்கு மேல்) க்ளோசப், அல்லது வைடு (ஆள் முழுவதும்). அவர் எழும்போதோ டம்ளரை எடுக்கும்போதோ, அசைவின் நடுவில் வெட்டினால் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும்.

கருப்புப் பட்டை போட்டதும் தலை போய்விட்டது

சினிமா மாதிரி இருக்கட்டும் என்று 16:9-இல் எடுத்ததற்கு 2.39:1 பட்டை போடுகிறார்கள். உயரத்தில் கால் பங்கு போய்விடும்: 1080 வரிகளில் மிஞ்சுவது சுமார் 800. பட்டை வேண்டுமா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். திரையின் உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் மேலும் கீழும் 1.3 சென்டிமீட்டர் கருப்பு டேப் ஒட்டிவிட்டு அதற்குள் ஃபிரேம் வையுங்கள்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? ஒவ்வொரு ஷாட்டையும் பட்டைக்குள் மேலும் கீழும் நகர்த்தலாம், நடுவிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மிட் ஷாட்டில் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். நெருக்கமான க்ளோசப்பில் உச்சந்தலை வெட்டுப்பட்டாலும் குறையில்லை, முகவாய் வெட்டுப்படக் கூடாது. முட்டி, மணிக்கட்டு, கழுத்து ஆகிய மூட்டுகளில் ஃபிரேமின் விளிம்பு வந்தால் கை கால் அறுபட்டதுபோல் தெரியும். சற்று மேலேயோ கீழேயோ தள்ளுங்கள். எப்படி நகர்த்தினாலும் முகம் அடங்காத ஷாட்டுகள் நிறைய இருந்தால், பட்டையை எடுத்துவிட்டு 16:9-ஆகவே படத்தை முடியுங்கள்.